ஹீலியத்துக்கு இரண்டே புள்ளி

கொல்லிமலையில் எந்த ஜீப்பும் நிறைந்ததாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை. வேதியியல் ஆசிரியையாக அந்த மலைக்கு மாற்றலாகிப் போன முதல் வாரத்திலேயே இது எனக்குத் தெரிந்துவிட்டது. எதிரெதிர் சீட்டில் முட்டிக்கு முட்டி இடிக்க ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். மடியில் பிள்ளைகள், காலடியில் குச்சிக்கிழங்கு மூட்டை, பின்னால் படியில் இரண்டு பேர். அதற்கு மேலும் வழியில் ஒருவர் கை காட்டினால் வண்டி நிற்கும். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, ஒரு ஆளுதான்" என்பார் டிரைவர். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நான் சுளிப்பேன். எனக்குப் பொறுமை குறைச்சல் என்று என் வீட்டுக்காரரே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அரியூர் நாட்டில் ஓட்டு வீடு ஒன்றின் பாதியை வாடகைக்கு எடுத்திருந்தேன். சனி ஞாயிறு சேந்தமங்கலத்துக்கு வீட்டுக்குப் போய்விட்டு, திங்கள்கிழமை முதல் பஸ்ஸில் மலையேறுவேன். வீட்டின் மறுபாதியில் குடியிருந்தவள் வீட்டுச் சொந்தக்காரி. எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கணவர் கோயம்புத்தூரில் கட்டட வேலை, மகன் கீழே விடுதியில் தங்கிப் படித்தான். அவள் ஊர் அங்கன்வாடியில் உதவியாளர். அங்கன்வாடி என்று நாங்கள் யாரும் சொல்வதில்லை, பால்வாடிதான். பால்வாடியில் பாடம் சொல்கிறவர் டீச்சர், சமைத்து, கூட்டி, பிள்ளைகளைக் கழுவிவிடுகிறவர் ஆயா. கல்யாணமான புதிதில் வேலைக்குச் சேர்ந்ததால், இருபத்துச் சொச்ச வயதிலேயே ஊருக்கெல்லாம் அவள் ஆயாவாகிவிட்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றாள். ஏதோ கேட்க வந்திருக்கிறாள் என்று தெரிந்தது, கேட்கத்தான் வாய் வரவில்லை. மழையைப் பேசினாள், மிளகு விலையைப் பேசினாள், என் பையனுடைய சளியை விசாரித்தாள்.

"என்ன விஷயம், சொல்லுங்க" என்றேன்.

"எங்க பால்வாடி டீச்சர் ரிட்டையர்டு ஆவறாங்க. பத்தாவது பாசாயிருந்தா அந்த எடம் எனக்குத்தான்னு ஆபீசுல சொல்றாங்க. மத்த பாடமெல்லாம் அப்பவே பாசுங்க. சைன்ஸ்தான் போயிருச்சு. இப்ப எழுதுனா உண்டு, இல்லீன்னா கீழ இருந்து வேற ஆளப் போட்டுருவாங்க."

"அதுக்கென்ன, எழுதுங்க."

"நீங்க சொல்லித் தருவீங்களா டீச்சர்? உங்களுக்குத் தொந்தரவு இல்லாம, ஓரமா உக்காந்துக்கறேன்."

பாடம் கேட்க வந்தவள் யாருக்கு ஓரமாக உட்காரப் போகிறாள்? வீடே அவளுடையது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. மறுநாள் பள்ளி விட்டதும் ஆரம்பிக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்தவுடனே தெரிந்தது, அடியில் அஸ்திவாரமே இல்லை. அவள் படித்தது ஒரு தலைமுறைக்கு முந்தைய பாடம். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அணுவிலிருந்து தொடங்கினேன். நடுவில் உட்கரு, சுற்றிக் கூடுகள், கூடுகளில் எலக்ட்ரான்கள். கடைசிக் கூட்டில் இருக்கிறவைதான் இணைதிறன் எலக்ட்ரான்கள். அணு இன்னொன்றோடு சேருமா சேராதா என்பதை அவைதான் முடிவு செய்யும். அவற்றை மட்டும் தனிமத்தின் குறியீட்டைச் சுற்றிப் புள்ளிகளாக வைத்தால், அதுதான் லூயிஸ் புள்ளி அமைப்பு.

வாசல் சிமெண்டுத் தளத்தில் அன்று மிளகு காய்ந்துகொண்டிருந்தது. புள்ளிக்குப் புள்ளியாயிற்று என்று ஒரு பிடி அள்ளிக்கொண்டாள். சாக்பீசால் நான் எழுத்தைப் போடுவேன், அவள் சுற்றிலும் மிளகை வைப்பாள். ஆக்சிஜனுக்கு ஆறு வைத்தாள். குளோரினுக்கு ஏழு. கூடு நிறைய எட்டு வேண்டும், ஒன்று குறைகிறது, அதனால் குளோரின் ஒன்றைத் தேடி அலைகிறது என்றேன். சோடியத்துக்குக் கடைசிக் கூட்டில் ஒன்றே ஒன்று, அதைக் கொடுத்துவிட்டால் நிம்மதி. சோடியம் கொடுக்க, குளோரின் வாங்க, உப்பு கிடைத்தது. இதெல்லாம் அவளுக்கு ஒரே தடவையில் பிடிபட்டது. கொடுக்கல் வாங்கல் அவளுக்குத் தெரியாததா?

நியானில்தான் சிக்கல் வந்தது.

"கடைசிக் கூட்டில் எட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பில் பாலைப் பார்த்துவிட்டு வந்தேன். பக்கத்துக்கு இரண்டாக அழகாக எட்டு மிளகு வைத்திருந்தாள். மூலையில் ஒன்பதாவது ஒன்று உட்கார்ந்திருந்தது.

"இது எதுக்கு?"

"எடம் இருக்குதுங்களே டீச்சர்."

"எடம் இருந்தா வெச்சிருவீங்களா? எட்டோட முடிஞ்சுது. அதுக்கு மேல ஏத்திக்கறதுக்கு இது என்ன சந்தைக்குப் போற ஜீப்பா?"

"ஜீப்பா இருந்தா இன்னும் மூணு பேரு ஏறலாமுங்க" என்றாள். கிண்டல் செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையாகவே சொன்னாள்.

என் வகுப்புப் பிள்ளைகளும் இதே தப்பைச் செய்வார்கள். மலைப் பிள்ளைகளின் விடைத்தாளில் நியானுக்கு ஒன்பது, ஆர்கானுக்குப் பத்து என்று புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கீழே வேறு எந்தப் பள்ளியிலும் நான் இதைப் பார்த்ததில்லை. அங்கே குறைத்து வைப்பார்கள், இங்கே கூட்டி வைப்பார்கள். "மிஸ், அட்ஜஸ்ட் பண்ணிக்கும் மிஸ்" என்று ஒருவன் எழுந்து நின்றே எனக்குச் சமாதானம் சொன்னான். ஆனால் பிள்ளைகளுக்கு அது வெறும் கவனக்குறைவு. இவளுக்கு அதுதான் சுபாவம்.

குழாயில் தண்ணீர் வந்தால் முதலில் குடத்தை வைத்தவள் இவளாக இருப்பாள். கடைசியில் பிடித்துக்கொண்டு வருகிறவளும் இவளாகத்தான் இருப்பாள். வரிசையில் யார் வந்து "அவசரமுங்க" என்றாலும் தன் குடத்தை நகர்த்தி வைத்துவிடுவாள். ஜீப்பில் சீட்டு நுனியில் ஒரு தொடை மட்டும் பட உட்கார்ந்து, யாருடைய பிள்ளையையோ மடியில் வைத்துக்கொண்டு வருவாள். அவள் வீட்டு உரல், அவள் வீட்டு ஏணி, அவள் சாயங்கால நேரம் எல்லாம் ஊருக்குப் பொது. "ஒருநாளாச்சும் முடியாதுன்னு சொல்லுங்களேன்" என்று நான் பல்லைக் கடிப்பேன். "அட, போவுதுங்க டீச்சர்" என்பாள்.

நியானும் ஆர்கானும் யாரோடும் சேராது என்று சொன்னேன். நாங்கள் இருவரும் பள்ளியில் படித்த காலத்தில் இவற்றுக்கு மந்த வாயுக்கள் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும் முதலில் சிரித்தாள். "வாயுன்னா ஓமத்தண்ணி குடிச்சாச் சரியாப் போயிருமுங்க" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது.

"எங்க சைன்ஸ் வாத்தியார் என்னையும் மந்தம்னுதான் கூப்புடுவாருங்க. கேள்வி கேட்டா நான் எந்திரிச்சு நிப்பேன், வாய் தொறக்க மாட்டேன். மந்தம், உக்காருன்னுவாரு. கிளாசே சிரிக்கும்."

"இதுக்கு மந்தம்னு பேர் வெச்சதே தப்பு" என்றேன். எனக்கு அந்த வாத்தியார் மேல் கோபம் பொங்கியது. "அதுக்குக் கொறை ஒன்னுமில்ல. வேணுங்கறதெல்லாம் அதுகிட்டயே இருக்குது. அதனால யாருகிட்டயும் போறதில்ல. இப்பப் புத்தகத்துல உயரிய வாயுன்னும் போடறாங்க."

"உயரிய வாயு" என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு அது பிடித்திருந்தது, ஆனால் முழுசாக நம்பவில்லை. "எல்லாமே அப்பிடித்தானுங்களா? ஒன்னுகூடச் சேராதா?"

பொய் சொல்ல எனக்கு வராது. செனான் என்று ஒன்று இருக்கிறது, பெரிய அணு, ஃபுளூரின் மாதிரி பிடிவாதக்காரனோடு அது சேரும், அப்போது எட்டுக்கு மேலும் வைத்துக்கொள்ளும் என்று சொல்லித் தொலைத்தேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சொந்தக்காரர் யாரோ பாசான மாதிரி சந்தோஷம்.

"பாத்தீங்களா, அதுல ஒன்னாச்சும் மனசு வெச்சிருக்குது."

"அது பன்னெண்டாவது பாடம். உங்களுக்கு இப்ப வேண்டாம். எட்டு. எட்டோட நிறுத்துங்க" என்றேன்.

எட்டில் நிறுத்தப் பழக்குவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பழகியபின் அடுத்த வம்பு ஹீலியத்தில் வந்தது. ஹீலியத்துக்கு இரண்டு எலக்ட்ரான்தான். எழுத்தின் ஒரு பக்கத்தில் இரண்டு மிளகை வைத்துவிட்டு, கையில் மீதி மிளகோடு காத்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதான்" என்றேன்.

"மூணு பக்கமும் வெறுசா இருக்குதுங்க. பாக்கவே பாவமா இருக்குது."

"பாவமெல்லாம் இல்ல. அதுக்கு இருக்கறது மொதக் கூடு ஒன்னுதான். அதுல ரெண்டுக்குத்தான் எடம். சின்ன ஊடுங்க, ரெண்டு பேருக்கான ஊடு. ரெண்டு பேரும் இருக்காங்க. நிறைஞ்சுது."

வெகு நேரம் அந்த இரண்டு மிளகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அது யாரையும் கேக்காது, யாருக்கும் குடுக்காது."

"ஆமா."

"வந்து கேட்டாக்கூட?"

"கேட்டாக்கூட."

"அதெப்பிடீங்க டீச்சர் முடியும்?" என்றாள். பாடத்தில் வந்த சந்தேகம் இல்லை அது. அவள் உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். ஆற்றல் குறைவு, நிலைப்புத்தன்மை அதிகம் என்று புத்தகத்தில் இருப்பதைச் சொல்லி முடித்துவிட்டேன்.

தேர்வு மையம் கீழே நாமக்கல் பக்கம் ஒரு பள்ளியில். அவளைத் தனியாக அனுப்பினால் பஸ்ஸில் ஏறுவதற்குள் எல்லோருக்கும் வழிவிட்டு வழிவிட்டு இவள் ஸ்டாண்டிலேயே நின்றுவிடுவாள் என்று பயந்து, விடுப்புப் போட்டுக்கொண்டு கூடவே போனேன். மூன்று பாடத்துக்குப் படிக்கிற அளவு இந்த ஒரு பாடத்துக்குப் படித்திருந்தாள். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நான் மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் சொந்த மகனுக்கே நான் அப்படி உட்கார்ந்ததில்லை.

வெளியே வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். நியான், ஹீலியம் இரண்டின் புள்ளி அமைப்பையும் வரையச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். எனக்கு எழுந்து நின்று கும்பிட வேண்டும் போலிருந்தது.

"நியானுக்கு?"

"எட்டு வெச்சனுங்க."

"ஹீலியத்துக்கு ரெண்டு."

அவள் செருப்பைப் பார்த்தாள். "மொதல்ல ரெண்டுதான் வெச்சனுங்க டீச்சர்."

"மொதல்லன்னா?"

"பக்கத்துல ஒரு புள்ள எழுதிக்கிட்டிருந்துச்சு. மாசமா இருக்குதுங்க பாவம். என் பேப்பரப் பாத்துட்டு, அக்கா எட்டு வெக்கணும்க்கான்னு மெதுவாச் சொல்லுச்சு. இல்ல கண்ணு, ரெண்டுதான்னு சொன்னேன். இல்லக்கா, எல்லாத்துக்கும் எட்டுதான், தப்பாயிரும்னு மறுபடியும் சொல்லுச்சு. அந்தப் புள்ள அவ்வளவு அக்கறையாச் சொல்றப்ப மாட்டேங்கறதுக்கு எனக்கு மனசு வரலீங்க."

"அதனால?"

"இன்னும் ஆறு வெச்சிட்டேன்."

நான் அந்தப் பள்ளி வாசலில் போட்ட சத்தத்துக்கு வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். தெரியாமல் எழுதினால் பரவாயில்லை, தெரிந்த சரியான விடையை மரியாதைக்காகத் தப்பாக்கியவளை நான் என் சர்வீசில் பார்த்ததில்லை என்றேன். இப்படியே போனால் ஆயாவாகவே சாக வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டேன். சொன்னபின்தான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்குப் பசிக்குமுங்க டீச்சர், காலைல இருந்து ஒன்னும் சாப்புடல" என்றாள். பஸ் ஸ்டாண்டில் இருவரும் போண்டா சாப்பிட்டோம். அவள் தட்டிலிருந்த இரண்டாவது போண்டாவை என் தட்டில் வைத்தாள். நான் எடுத்து அவள் தட்டிலேயே திருப்பி வைத்தேன். சிரித்துவிட்டாள். அப்புறம் நானும் சிரித்தேன்.

முடிவு வருகிறவரை அவளைவிட நான்தான் தவித்தேன். அவள் வழக்கம் போல் பால்வாடிக்குப் போனாள், வந்தாள், குழாயடியில் குடத்தை நகர்த்தி வைத்தாள். ஒரு மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து கைபேசியில் அவள் பதிவு எண்ணைத் தட்டினேன். மலையில் சிக்னல் வருவதும் போவதுமாக என் உயிரை வாங்கியது. கடைசியில் திரை நிறைந்து வந்தது. அறிவியல், தேர்ச்சி. மயிரிழையில்தான். ஹீலியம் போனாலும் நியானும் மற்றதும் காப்பாற்றிவிட்டன. அடுத்த வகுப்புக்கு மணி அடித்தும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் போய்ச் சொன்னேன். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். மறுவாரம் சேந்தமங்கலத்திலிருந்து விண்ணப்பப் பாரத்தை நானே வாங்கிக்கொண்டு வந்தேன். நாளைக்கு நிதானமாக நிரப்பலாம் என்று மடித்து அவள் வீட்டு மாடத்தில் வைத்துவிட்டு, அவள் போட்ட டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவள் கணவருடைய பெரியப்பா வந்தார்.

நல்ல மனிதர். ஊரில் அவர் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. அவர் மகன் கோயம்புத்தூரில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து, வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்தான். மருமகள் பன்னிரண்டாவது படித்த பெண், இடுப்பில் ஒரு கைக்குழந்தை. பெரியவர் நாற்காலியில் உட்காராமல் பாயில் உட்கார்ந்தார். டீயைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு நேராகவே பேசினார்.

"சாமி, பாசாயிட்டீன்னு சொன்னாங்க. ரொம்ப சந்தோசம். ஒன்னு கேக்கறேன், தப்பா நெனைக்காத. நீ எழுதிப் போடலீன்னா அந்த எடத்துக்கு நேரடியா ஆளு எடுப்பாங்களாம். நம்ம மருமகப் புள்ளைக்கு அந்தப் படிப்பு இருக்குது. உனக்கு ஏற்கெனவே ஒரு வேல இருக்குது, புருசன் சம்பாதிக்கறான். கொஞ்சம் விட்டுக் குடுத்தீன்னா ஒரு குடும்பம் பொழச்சுக்கும்."

எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தப் பையன் படுத்துக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதுவும் போக, இது நான் பேச வேண்டிய இடமும் இல்லை. அவள் என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். "அதுக்கென்னங்க மாமா" என்பாள். அவ்வளவுதான், முடிந்தது. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. பார்க்க மனமில்லை.

அவள் கூரையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். பெரியவர் அவசரப்படுத்தவில்லை.

"இல்லீங்க மாமா" என்றாள்.

அவர் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது. "என்ன சாமி?"

"அது எனக்கு வேணுங்க."

இத்தனை நாளில் எனக்கு வேணும் என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டிருக்க மாட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவளே தொடர்ந்தாள். "நான் மேல போனா ஆயா எடம் காலியாகுமுங்க. அதுக்கு உங்க மருமகள எழுதிப் போடச் சொல்லுங்க. நான் கூட வந்து ஆபீசுல பேசறேன். கொழந்தையக்கூட அங்கயே தூக்கிட்டு வரட்டும், நான் பாத்துக்கறேன். ஆனா இது எனக்கு வேணுங்க மாமா."

பெரியவர் டீயைக் குடித்து முடித்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "சரி சாமி, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். கோபமா வருத்தமா என்று முகத்தில் தெரியவில்லை.

அவர் போனதும் டம்ளர்களை எடுக்கப் போனாள். ஒன்று கை தவறி உருண்டு ஓடியது. நான் எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. அவள் என்னை விலக்கிவிட்டு மாடத்திலிருந்து பாரத்தை எடுத்து வந்து என் முன்னால் விரித்தாள்.

"நாளைக்கு எழுதலாம்னு சொன்னீங்களே டீச்சர், வேண்டாமுங்க" என்றாள். "இப்பவே எழுதிரலாம். விடிஞ்சுதுன்னா நான் விட்டுக் குடுத்துருவேன்."